ஐந்நூறு ராத்தல் புல்

தமிழில் 'வை' என்ற ஓரெழுத்துச் சொல்லுக்கு அகராதியில் இரண்டு பொருள் காணலாம். ஒன்று கூர்மை. மற்றொன்று வைக்கோல். நெல்லை அடித்து மணியைப் பிரித்தெடுத்த பின் களத்தில் மிஞ்சும் தாள்தான் வைக்கோல். மராத்தியில் இதைப் 'பேண்டா' என்பார்கள். ஆனால் மும்பைக்கு வடக்கே தாணா, பால்கர் பகுதிகளில் இன்னொரு சரக்கும் உண்டு. அது மலைச்சரிவில் தானாக முளைத்து, மழை நின்றதும் அறுத்து, காயவைத்து, கட்டி, ஆண்டு முழுவதும் விற்கப்படும் புல். அதன் பெயர் 'கவத்'. நம் ஊர்ப் பக்கம் இதற்கென்று ஒரு தனிச்சொல் வழக்கில் இல்லை. 'காய்ந்த புல்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம்.

சொல் இல்லாததற்குக் காரணம் சரக்கு இல்லாததுதான். நெல் விளைகிற ஊரில் மாட்டுக்கு வைக்கோல் போதும். புல்லை அறுத்துக் காயவைத்துச் சேமிக்கும் தேவை அங்கே எழவில்லை. ஆனால் மாதுங்கா, செம்பூர், தாராவி, முலுண்ட் என்று மும்பையில் பரவி வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் மூன்று தலைமுறையாகக் குடித்த எருமைப்பாலுக்குப் பின்னால் இந்தப் புல் இருந்தது. அதை அறுத்தவர்கள், சுமந்தவர்கள், கட்டி அடுக்கியவர்கள் யார், அவர்களுக்கு என்ன கூலி கிடைத்தது என்று நாம் கேட்டதில்லை. 1945-ஆம் ஆண்டு அவர்களே அதைக் கேட்டார்கள். அந்த வரலாற்றை எனக்குத் தெரிந்த அளவில் நம் மலர் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நான் பட்டம் பெற்ற வரலாற்று ஆசிரியன் அல்ல. சாக்கு, கயிறு, கட்டுக்கம்பி வியாபாரி. எனவே என் பார்வை கொஞ்சம் தராசுப் பக்கமாகவே இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஊர்ப் போர்

முதலில் நமக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குவோம். எங்கள் ஊர் வந்தவாசிப் பக்கம். தமிழ்ச் சமணர்களான நயினார்கள் அங்கே பெரும்பாலும் உழவர்கள். பூலேஷ்வர் கடைத்தெருவில் உள்ள குஜராத்தி ஜைன நண்பர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். "ஜைனர் ஏர் பிடிப்பாரா?" என்று கேட்பார்கள். பிடிப்போம், போரும் போடுவோம் என்பேன்.

வைக்கோல் போர் போடுவது சும்மா அள்ளிக் குவிக்கிற வேலை இல்லை. அடியில் கல்லோ பனந்துண்டோ போட்டுத் தரையை விட்டு உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் கரையான் ஏறும், ஈரம் ஊறும். அதன்மேல் ஒருவர் நின்று மிதிக்க, கீழிருந்து மற்றவர்கள் கத்தை கத்தையாக எறிய வேண்டும். மேலே நிற்பவர்தான் உண்மையான வேலைக்காரர். நடுவை எப்போதும் ஓரத்தைவிட உயரமாக வைத்துக்கொண்டே வரவேண்டும். நடு பள்ளமானால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, போர் முழுக்க மக்கிவிடும். கடைசியில் கூம்பாக முடித்து, வைக்கோலையே முறுக்கிய பிரியைப் போட்டு இழுத்துக் கட்டுவார்கள். பிறகு தினமும் ஒரே பக்கத்திலிருந்து பிடுங்க வேண்டும். சுற்றிச் சுற்றிப் பிடுங்கினால் போர் சாயும். ஊரில் ஒருவன் போரைப் பார்த்தே அவன் குடித்தனத்தைச் சொல்லிவிடுவார்கள்.

வைக்கோல் நெல்லுக்குத் துணைப்பொருள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நெல்லுக்கு விலை உண்டு, வைக்கோல் அதன் கூடவே வருவது. அறுப்புக் கூலியும் நெல்லில் சேர்ந்துவிடும். கொங்கணத்துப் புல்லின் கதை அப்படி இல்லை. அங்கே புல்லேதான் சரக்கு.

மழை தந்த சரக்கு

சஹ்யாத்ரி மலைக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள அந்த நாட்டில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்க்கும். அந்த நான்கு மாதத்தில் பள்ளத்தில் நெல் விளையும். மேட்டு நிலத்திலும் சரிவிலும் இடுப்பளவு புல் வளரும். இந்த மேட்டு நிலத்தை அங்கே 'வர்கஸ்' நிலம் என்பார்கள். அதற்குப் பிறகு எட்டு மாதம் சொட்டு மழை கிடையாது. ஆகவே மழை முடிந்ததும் புல்லை அறுத்துச் சேர்த்தால்தான் அடுத்த ஜூன் வரை மாட்டுக்குத் தீனி.

இங்கேதான் நேரம் முக்கியமாகிறது. சீக்கிரம் அறுத்தால் கடைசி மழையில் நனைந்து அழுகும். தாமதித்தால் பூத்து, விதை உதிர்ந்து, தண்டு குச்சியாகிவிடும். அந்தக் குச்சியை மாடும் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். செப்டம்பர் கடைசி தொடங்கி ஒன்றரை, இரண்டு மாதம்தான் நல்ல காலம். அதே நேரத்தில் நெல்லும் அறுப்புக்கு வந்துவிடும். ஏழைக் குடியானவன் தன் நெல்லை அறுப்பதா, நிலக்காரரின் புல்லை அறுப்பதா என்பது ஒவ்வொரு ஆண்டும் வரும் இடி.

வேலையும் சாமானியமானது அல்ல. குனிந்த முதுகு நிமிராமல் அரிவாள் வீச வேண்டும். அங்குள்ள புற்களில் ஒரு வகைக்கு விதை முனை ஊசிபோல் இருக்கும். துணியைத் துளைத்துத் தோலுக்குள் ஏறி நிற்கும். இடுப்பில் ஒரு முழத்துணி மட்டும் கட்டிய உடம்புக்கு அது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. புல்லுக்குள் பாம்பும் தேளும் உண்டு. அறுத்ததைப் பரப்பி, புரட்டி, காய்ந்ததும் சிறு கட்டுகளாகக் கட்டி, தலையில் சுமந்து இறங்கி, ஓரிடத்தில் பெரும் போராக அடுக்க வேண்டும். இந்தப் போருக்கு மராத்தியில் 'கஞ்சி' என்று பெயர். கஞ்சி என்றதும் நமக்கு வேறு நினைப்பு வரும். அந்த நினைப்பும் இந்தக் கதைக்குப் பொருத்தம்தான்.

நகரத்தின் பசி

இவ்வளவு புல்லை யார் வாங்கினார்கள்? பம்பாய் நகரம்தான்.

1874 மே 9-ஆம் தேதி பம்பாயில் முதல் டிராம் ஓடியது. அதை இழுத்தவை குதிரைகள். 900 குதிரைகளோடு தொடங்கிய டிராம் கம்பெனியின் லாயத்தில், 1905-ல் குதிரை டிராம் முடிவுக்கு வந்தபோது 1,360 குதிரைகள் இருந்தன. ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு 6 கிலோ காய்ந்த புல் என்று குறைத்துக் கணக்கிட்டாலும், அந்த ஒரு கம்பெனிக்கே தினம் 8 டன்னுக்கு மேல் தேவை. இதற்கு மேல் கனவான்களின் கோச்சு வண்டிகள், வாடகை விக்டோரியாக்கள், பட்டாளத்துக் குதிரைகள், பார வண்டி மாடுகள் இருந்தன. இன்று பெட்ரோல் பங்க் எப்படியோ, அன்று புல் வகார் அப்படி.

நகரத்தின் பெயர்களிலேயே இந்தப் புல்லின் தடம் இருக்கிறது. ஸிவ்ரியில் 'ஹே பந்தர் ரோடு' இருக்கிறதே, அதன் பொருள் புல் இறங்கும் துறை. சர்னி ரோடு ஸ்டேஷனுக்கும் மேய்ச்சலை வைத்தே பெயர் வந்தது என்பார்கள். மராத்தியில் 'சர்ணே' என்றால் மேய்தல். மைதானத்தில் மாடு மேய்க்க அரசு கட்டணம் விதித்தபோது, ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் தன் பணத்தில் புல்வெளி வாங்கி ஏழைகளின் மாடுகளுக்கு விட்டார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அதே ஜாம்ஷெட்ஜியும் ஜைன வணிகர் மோதிஷா சேட்டும் முன்னின்று 1834-ல் பம்பாய் பாஞ்சராபோலை நிறுவினார்கள். கிழடான, நொண்டியான, கைவிடப்பட்ட மாடுகளைக் கொலைக்கு விடாமல் சாகும்வரை காப்பாற்றும் இடம் அது. பூலேஷ்வர் போகிறவர்கள் இன்றும் அங்கே நின்று காசு கொடுத்து ஒரு கட்டுப் புல் வாங்கிப் பசுவுக்குப் போடுவதைப் பார்க்கலாம். நானும் போட்டிருக்கிறேன்.

ரயில் வந்த பிறகு இந்த வாணிகம் பெருகியது. 1864-ல் குஜராத் பக்கத்திலிருந்து வரும் ரயில்பாதை பம்பாயை எட்டியது. அது உம்பர்காவ், டஹாணு, பால்கர் வழியாகவே வருகிறது. வழியெல்லாம் புல்காடு. வண்டிச் சத்தம் கட்டுபடியாகாமல் மலையிலேயே கிடந்த புல்லுக்கு ஒரே நாளில் நகரச் சந்தை கிடைத்த மாதிரி ஆயிற்று. குதிரைகள் போன பிறகும் சந்தை குறையவில்லை. எருமைத் தபேலாக்கள் அந்த இடத்தை நிரப்பின. 1949-ல் ஆரே பால் காலனி உருவானது நகரத்துக்குள் நெருக்கியிருந்த எருமைகளை வெளியே கொண்டுபோய் வைக்கத்தான். எருமை எங்கே நின்றாலும் அதற்குப் புல் வேண்டுமே.

சிப்பம் கட்டும் வேலை

புல் எடை குறைந்தது, இடம் அதிகம் அடைப்பது. அப்படியே அள்ளிப் போட்டால் ஒரு வேகனில் காற்றுக்குத்தான் கூலி கொடுக்க வேண்டும். அதனால்தான் அழுத்திக் கட்டிச் சிப்பமாக்குகிறார்கள். பருத்திக்கு எப்படியோ அப்படியேதான் புல்லுக்கும்.

1980-களில் கட்டுக்கம்பி விற்க நான் பால்கர், வாடா பக்கத்துப் புல் வகார்களுக்குப் போய்வந்தேன். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன். கனமான பலகைகளால் ஆன பெட்டி. அதற்குள் ஒருவர் இறங்கி நிற்பார். மற்றவர்கள் புல்லைக் கொட்டக் கொட்ட அவர் காலால் மிதித்து அமுக்குவார். நிரம்பியதும் அவர் வெளியே வர, மேல்பலகையை வைத்துத் திருகையோ நெம்புகோலோ கொண்டு இறுக்குவார்கள். பலகை இடுக்கு வழியாகக் கம்பியை நுழைத்து முறுக்கிக் கட்டிவிட்டுப் பெட்டியைத் திறந்தால், செங்கல் மாதிரி ஒரு பெரிய சிப்பம் வந்து விழும். தூக்க இரண்டு பேர் வேண்டும். கம்பி தெறித்தால் முகத்தைக் கிழிக்கும். பெட்டிக்குள் மிதிப்பவர் நாள் முழுக்கத் தூசியைத்தான் சுவாசிப்பார். அந்தத் தூசிக்கு ஒரு துண்டுத் துணிதான் காப்பு. மாலையில் எல்லாரும் இருமுவார்கள்.

அடுக்குவதிலும் கணக்கு உண்டு. சுவர் கட்டும்போது செங்கல்லின் இணைப்பு ஒன்றன்மேல் ஒன்று வராமல் மாற்றி வைப்பது போலச் சிப்பத்தையும் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். இல்லையென்றால் அடுக்கு பிளந்து ஆள்மேல் சரியும். காற்றுப் போக இடைவெளி விட வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் ஈரம். நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் ஈரம் உள்ள புல்லை இறுக்கி அடுக்கினால், உள்ளே நுண்ணுயிர்கள் பெருகிச் சூடு கிளம்பும். புல் சூட்டை வெளியே விடாது. சூடு ஏற ஏற, சில வாரத்தில் யாரும் நெருப்பு வைக்காமலே போர் பற்றிக்கொள்ளும். வகாரில் ஒரு பெரியவர் அடுக்குக்குள் முழங்கை வரை கையை நுழைத்துச் சிறிது நேரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். நான் வேடிக்கையாக, "என்ன காகா, நாடி பார்க்கிறீர்களா?" என்றேன். "ஆமாம் சேட், காய்ச்சல் வந்துவிட்டதா என்று பார்க்கிறேன்" என்றார். அவர் வார்லி. கையெழுத்துப் போடத் தெரியாது. அந்த வகாரின் முழு முதலும் அவர் கையின் அறிவில் பத்திரமாக இருந்தது. அவருடைய தினக்கூலி அப்போது ஒரு சினிமா டிக்கெட்டையும் ஒரு சாப்பாட்டையும் தாண்டாது.

1945 அக்டோபர்

இனி கட்டுரையின் தலைப்புக்கு வருகிறேன்.

வார்லிகள் அந்த மலைநாட்டின் ஆதிகுடிகள். சுவரில் அரிசி மாவால் மனிதரையும் மரத்தையும் கோட்டுருவமாக வரையும் வார்லி ஓவியம் இன்று உலகப் புகழ் பெற்றுவிட்டது. நம் வீட்டுப் பிள்ளைகள்கூடப் பள்ளியில் வரைகிறார்கள். ஆனால் அந்த ஓவியத்தின் சொந்தக்காரர்கள் தங்கள் நிலத்தை இழந்து, டஹாணு, உம்பர்காவ் தாலுக்காக்களில் நிலக்காரர்களுக்கும் சாவுக்கார்களுக்கும் காட்டுக் கான்டிராக்டர்களுக்கும் அடிமைப்பட்டிருந்தார்கள். கூலியில்லா வேலைக்கு 'வேட்' என்று பெயர். கல்யாணத்துக்குக் கடன் வாங்கியவன் புருஷன் பெண்சாதியாகக் கடன் கொடுத்தவர் வீட்டில் உழைக்க வேண்டும். அவனுக்கு 'லக்னகடி', அதாவது கல்யாண அடிமை என்று பெயர். அந்தக் கடன் எந்நாளும் தீராது. இது ஏதோ கட்சிக்காரர்கள் சொன்ன கதை என்று நினைக்க வேண்டாம். பம்பாய் மாகாண அரசே நியமித்த சிமிங்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் அறிக்கை இந்தப் பகுதியின் கொத்தடிமை முறையையும் கட்டாய வேலையையும் பதிவு செய்திருக்கிறது.

1945 ஜனவரியில் கல்யாணுக்கு அடுத்த டிட்வாலாவில் கிசான் சபையின் மாநாடு நடந்தது. அங்கே சில வார்லிகள் வந்தார்கள். அதன் பின்னர் சபையின் தலைவர்களான ஷாம்ராவ் பருலேகரும் அவர் மனைவி கோதாவரி பருலேகரும் மலைநாட்டுக்குப் போனார்கள். கோதாவரி அம்மையார் புனேயில் 1907-ல் பிறந்தவர். சட்டம் படித்தவர். நகரத்துப் பெண். அவர் வார்லிக் குடிசையில் தங்கி, அவர்கள் தின்றதைத் தின்று, நடந்தே ஊர் ஊராகப் போனார். 1945 மே 23-ஆம் தேதி உம்பர்காவ் தாலுக்கா ஜரி கிராமத்தில் ஆயிரக்கணக்கான வார்லிகள் கூடினார்கள். வேட் செய்வதில்லை, யாராவது அடித்தால் பொறுப்பதில்லை, நிலக்காரர் வயலில் வேலை செய்ய நாளுக்கு 12 அணா ரொக்கக் கூலி வேண்டும் என்று அங்கே முடிவானது. அந்த மழைக்காலத்திலேயே வேட் முறை ஆட்டம் கண்டது.

மழை முடிந்தது. புல் முதிர்ந்தது. இப்போது அவர்கள் வைத்த கோரிக்கைதான் இது: 500 ராத்தல் புல் அறுக்க இரண்டரை ரூபாய்.

நிலக்காரர்கள் மறுத்தார்கள். வார்லிகள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்கள். முன்பே சொன்னேன் அல்லவா, புல்லுக்கு உள்ள காலம் ஒன்றரை இரண்டு மாதம்தான். காலம் தவறினால் மலை முழுக்க நிற்கும் பணம் குச்சியாகிவிடும். எழுத்தறியாத அந்த மக்கள் சந்தையின் மர்மத்தை நன்றாகவே அறிந்து வைத்திருந்தார்கள்.

அப்போது ஒரு சூழ்ச்சி நடந்தது. கோதாவரி அம்மையார் தல்வாடாவில் கூட்டத்துக்கு வருகிறார், அவர் உயிருக்கு ஆபத்து, எல்லாரும் திரண்டு வாருங்கள் என்று ஒரு பொய்ச் செய்தி வார்லிகளிடையே பரப்பப்பட்டது. அக்டோபர் 10-ஆம் தேதி ஆயிரக்கணக்கில் அவர்கள் தல்வாடாவில் கூடினார்கள். கலகக் கூட்டம் என்று சொல்லிப் போலீஸ் சுட்டது. ஜேட்யா காங்கட் முதலாக ஐந்து பேர் இறந்தார்கள். சுட்ட பிறகும் கூட்டம் உடனே கலையவில்லை. தங்கள் தலைவியைக் காக்க வந்திருக்கிறோம் என்ற நம்பிக்கையில் அவர்கள் அங்கேயே நின்றார்கள். அம்மையார் அங்கே இல்லவே இல்லை.

பருலேகர்கள் இருவரையும் அரசு மாவட்டத்தைவிட்டு வெளியேற்றியது. ஆனாலும் போராட்டம் நிற்கவில்லை. அடுத்த ஆண்டு, 1946-ல், புல் அறுப்புக்கும் காட்டுவேலைக்கும் சேர்த்து மறுபடியும் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. மரம் வெட்டும் வேலைக்கு நாளுக்கு ஒன்றேகால் ரூபாய் என்ற கூலியை மர வியாபாரிகள் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. 1947 ஜனவரியில் பால்கர் பகுதி நானிவலியில் இன்னொரு துப்பாக்கிச் சூடு நடந்து மேலும் ஐந்து உயிர்கள் போயின. இதையெல்லாம் கோதாவரி பருலேகர் 1970-ல் மராத்தியில் 'ஜேவ்ஹா மாணூஸ் ஜாகா ஹோதோ' என்ற நூலாக எழுதினார். 'மனிதன் விழித்தெழும்போது' என்று பெயர்க்கலாம். 1972-ல் அதற்கு சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. நம்மைப்போல் வயிற்றுப்பாட்டுக்கு மராத்தி கற்றுக்கொண்டவர்களும் எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடிய தெளிந்த நடை. நான் அப்படித்தான் படித்தேன்.

ஒரு வியாபாரியின் கணக்கு

புத்தகத்தை மூடிவிட்டு நான் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழக்க தோஷம்.

500 ராத்தல் என்பது இன்றைய எடையில் சுமார் 227 கிலோ. தலைச்சுமை ஒன்றுக்கு 20 கிலோ என்றால் 11 சுமைக்கு மேல். இரண்டரை ரூபாய் என்பது 40 அணா. ஓர் அணாவுக்கு 12 தம்படி என்று நம் பாட்டிமார் சொல்லும் கணக்கில் 480 தம்படி. ஆக, ஒரு ராத்தல் புல்லுக்கு அவர்கள் கேட்டது முழுசாக ஒரு தம்படிகூட இல்லை! நாணயங்களிலேயே கடைசி நாணயம் அது. அதற்கும் சற்றுக் குறைவாகக் கேட்டதற்காக ஐந்து பேர் செத்தார்கள்.

இன்னொரு கணக்கும் போட்டேன். ஜரியில் கேட்ட நாள்கூலி 12 அணா. 40 அணாவை 12-ஆல் வகுத்தால் மூன்று நாளும், மூன்றில் ஒரு பங்கு நாளும் வரும். அதாவது நாளுக்கு 150 ராத்தல், சுமார் 68 கிலோ புல் அறுத்தால்தான் 12 அணா கைக்கு வரும். அவர்கள் புல்லுக்கென்று பேராசைப்பட்டு எதையும் கேட்கவில்லை. வயல்வேலைக்கு என்ன கேட்டார்களோ அதைத்தான் புல்லிலும் கேட்டிருக்கிறார்கள் என்று என் கணக்குக் காட்டுகிறது. சுமக்கும் தூரத்துக்கும், ஊசிவிதைக்கும், பாம்புக்கும் தனிக் கூலி அதில் இல்லை.

எடைபோட்டுக் கூலி கொடுப்பதில் ஒரு நுட்பமும் உண்டு. பச்சைப் புல்லில் பாதிக்கு மேல் தண்ணீர். அறுத்தவுடன் நிறுத்தால் ஓர் எடை, மூன்று நாள் காய்ந்தபின் நிறுத்தால் வேறு எடை. உழைப்பு ஒன்றேதான். எப்போது நிறுப்பது, எந்தக் கல்லால் நிறுப்பது என்பதைத் தராசுக்காரர்தான் தீர்மானிப்பார். நான் போய்வந்த ஒரு வகாரில் இதற்காக நடந்த சண்டையை நேரில் பார்த்திருக்கிறேன். கட்டை அவிழ்த்து, உதறி, "ஈரம்" என்று சொல்லிச் சுமைக்குச் சுமை கழித்தார்கள். விற்கும்போது அந்தக் கழிவை யாரும் கழித்ததாகத் தெரியவில்லை.

அணுவிரதம் சொல்வது

சமணத்தில் இல்லறத்தார்க்கு உரிய விரதங்களை அணுவிரதம் என்போம். அருங்கலச்செப்பு போன்ற எங்கள் தமிழ் நூல்கள் இவற்றை விளக்குகின்றன. ஒவ்வொரு விரதத்துக்கும் ஐந்து மீறல்கள் உண்டு. கொல்லாமை விரதத்தின் ஐந்து மீறல்கள் எவை? உயிர்களைக் கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மேல் பாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல். கள்ளாமை விரதத்தின் மீறல்களில் ஒன்று கள்ள எடையும் கள்ள அளவும்.

இந்தப் பட்டியலைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். எப்போதும் மனதில் வந்தது வண்டி மாடுதான். வார்லிகளின் வரலாற்றைப் படித்த பிறகு அதே பட்டியலை மறுபடி பாருங்கள். கல்யாணக் கடனால் கட்டிவைத்தார்கள். அடித்தார்கள். பாரம் ஏற்றினார்கள். கூலியைத் தடுத்தார்கள், கூலியைத் தடுத்தால் சோற்றைத் தடுத்ததாகத்தானே பொருள்? ஐந்தில் நான்கு வரிக்கு வரி பொருந்துகிறது. விரதம் 'மாடு' என்று சொல்லவில்லை, 'உயிர்' என்று சொல்கிறது. மனிதனும் ஐந்தறிவுக்கு மேல் ஓர் அறிவு உள்ள உயிர்தானே?

யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அன்றைய நிலக்காரர்களில் பல மதத்தார், பல சாதியார் இருந்தனர். பாஞ்சராபோல் கட்டியவர்களின் கருணையும் பொய்யல்ல. ஆனால் பசுவின் வாயில் நாம் வைக்கும் ஒரு பிடி புல்லுக்கு முன்னால் ஒரு நீண்ட பாதை இருக்கிறது. சரிவில் குனிந்த முதுகு, தலைச்சுமை, பெட்டிக்குள் மிதித்த கால், அடுக்குக்குள் நுழைத்த கை எல்லாம் அந்தப் பாதையில் உள்ளன. அவர்களுக்குச் சேரவேண்டியதைக் கொடுக்காமல் வாங்கிய புல்லில் புண்ணியம் எவ்வளவு சேரும் என்பது நம் ஒவ்வொருவரின் பேரேட்டிலும் எழுதிப் பார்க்க வேண்டிய கணக்கு.

இன்று

காலம் மாறிவிட்டது. 1889-ல் அலகாபாத்தில் தொடங்கிய ராணுவப் பண்ணைகள் ஒரு காலத்தில் பட்டாளத்துக்குப் பாலும் தீவனமும் தந்தன. அவையும் 132 ஆண்டுகளுக்குப் பின் 2021-ல் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் நெல்லறுக்க இயந்திரம் வந்தபின் வைக்கோலைச் சுருட்டிக் கட்டவும் இயந்திரம் வந்துவிட்டது. ஊருக்குப் போகும்போது வயலில் உருளை உருளையாகக் கிடக்கும் வைக்கோல் கட்டுகளை நம் பிள்ளைகள் செல்போனில் படம் எடுக்கிறார்கள். போர் போடத் தெரிந்த கைகள் குறைந்து வருகின்றன. முதுகுவலி குறைந்தால் நல்லதுதான். அந்தக் கைகளின் அறிவும் கூடவே போகிறதே என்ற வருத்தமும் இருக்கிறது.

தல்வாடாவும் தலாசரியும் 2014 முதல் பால்கர் மாவட்டத்தில் உள்ளன. மும்பையிலிருந்து அகமதாபாத் நெடுஞ்சாலையில் போனால் சில மணி நேரப் பயணம். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 10-ஆம் தேதி ஆதிவாசிகள் அங்கே திரண்டு தங்கள் தியாகிகளை நினைக்கிறார்கள்.

நாம் இந்த மாநிலத்துக்குப் பிழைக்க வந்தவர்கள். இதன் பாலைக் குடித்தோம், இதன் மொழியைக் கற்றோம், இதன் சந்தையில் நாலு காசு பார்த்தோம். சிவாஜி மகாராஜாவின் கோட்டைகளை நம் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம், காட்ட வேண்டியதுதான். அத்தோடு அக்டோபர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட பிறகு, அந்தப் பக்கமும் கூட்டிக்கொண்டு போங்கள். சரிவுகளில் இடுப்பளவு புல் பொன்னிறமாகக் காற்றில் சாய்ந்து நிற்கும். பார்க்க மிக அழகாக இருக்கும். அதில் ஒரு ராத்தல் அறுக்க ஒரு தம்படிக்கும் குறைவாகக் கேட்டவர்களின் கதையையும் அங்கேயே நின்று சொல்லிவிடுங்கள்.